சாவி அவர் பாக்கெட்டில்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ஊரில் இல்லாதவர்களுக்கும், பத்திரிகையை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கும் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தெட்டு வருஷம் தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுத்த நம் தபால்காரம்மாவுக்கு இப்போது நாற்பது அடிக்கு மேல் நடக்க முடியாது. இடுப்புக்குக் கீழே நரம்புகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அம்மா வீட்டோடு முடங்கிவிடக் கூடாதே என்று, பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகள் ஒரு சின்ன பேட்டரி ஸ்கூட்டரை வாங்கித் தந்தாள். பெட்டி மாதிரி மடித்து ரயிலிலோ காரிலோ ஏற்றிக்கொள்ளலாம். வேகத்தைக் கூட்டும் திருகில் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். அதனால் வீட்டில் அதற்கு ‘முயல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அப்புறம் தங்கை. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கை. மகனோடு இருக்கக் கடல் கடந்து ஒரேயடியாகப் போகிறாள். அவள் துறைமுகத்துக்குப் போகிற ரயில் இந்த ஊரில் பதினெட்டு நிமிஷம் நிற்கும். “உங்கம்மா வந்தா முகத்தைப் பார்க்கறேன். வரலைன்னா இதோட முடிஞ்சுது” என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அந்த ரயில் இன்றைக்குப் பதினொன்றே காலுக்கு வருகிறது.

தபால்காரம்மா காலை ஐந்து மணிக்கே எழுந்து குளித்துத் தயாராகிவிட்டாள். நரை தெரியாமல் தலையை இரண்டு தரம் வாரிக்கொண்டாள். பிறகு, கொஞ்ச நாளாகச் செய்வது போலவே, நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்கப் பழகினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மூன்றாம் தரம் முழங்கால் கொஞ்சம் ஆடியது. பரவாயில்லை, நின்றாள்.

இந்த ஒத்திகை எதற்கென்று அவளுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். அவள் நடக்க முடியாமல் போன கதை தங்கைக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“சொன்னா என்னம்மா தப்பு? சித்தி கல்லா என்ன? ஓடி வருவாங்க.”

“அதான் வேணாங்கறேன். என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவ மன்னிக்க வேணாம். செஞ்சது நான். நான் எந்திரிச்சு நிக்கணும். நாலு அடி நடந்து போய் அவ கையைப் பிடிச்சுச் சொல்லணும். அதுக்கப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்.”

அப்படி என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? முப்பது வருஷத்துக்கு முன்னால் தங்கைக்கு வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. வந்தது யார் பையில்? அக்காவின் தபால் பையில். அப்போது அவர்களுடைய அம்மா படுத்த படுக்கை. இவளும் போய்விட்டால் நான் ஒற்றை ஆளாக என்ன செய்வேன் என்று பயந்து, அந்தக் கடிதத்தை ஒன்பது நாள் பையின் அடியிலேயே வைத்திருந்தாள். தேதி தாண்டிப் போனது. அப்புறம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை, ஏனென்றால் இன்னொருவர் கடிதத்தைக் கிழிக்கிற கை இல்லை அது. பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீடு மாற்றும்போது அந்த டப்பாவைத் தங்கையே திறந்தாள்.

அன்றைக்குத் தங்கை கத்தவில்லை, திட்டவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“ஏங்க, மணி ஒம்போதே முக்கால். கிளம்பலாமா?”

“வண்டியை செக் பண்ணாம கிளம்பறதா? நல்லா இருக்கு கதை.”

இது அவள் புருஷர். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், யார் வீட்டு லிஃப்ட் முனகினாலும் மனிதருக்குத் தூக்கம் பிடிக்காது. முயல் வந்த நாளிலிருந்து அவருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி. பிரேக்கைப் பார்ப்பார், சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பார், பேட்டரியைக் கழற்றி மாட்டுவார், ஹாரனை மூன்று தரம் அடிப்பார். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன லீவரைத் தள்ளினால் பிரேக் விட்டு வண்டி தானாக உருளும் என்று தெரிந்ததும், அது யார் கையிலும் படாதபடி சிவப்பு டேப்பால் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டார்.

வண்டி அவளுடையது. சட்டதிட்டமெல்லாம் அவருடையது.

அதில் முதல் சட்டம், வண்டி நின்றால் சாவி வண்டியில் இருக்கக் கூடாது. கடை வாசலில் நின்றால் சாவி அவர் பாக்கெட்டில். சிக்னலில் நின்றால் சாவி அவர் பாக்கெட்டில். எதிர்வீட்டு அம்மாவிடம் அரை நிமிஷம் பேச நின்றாலும் அப்படித்தான். அவருக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது, லிஃப்ட் குழிக்குள் கூட்டாளி வேலை செய்துகொண்டிருந்தபோது, மேலே யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த இயந்திரம் நின்றாலும் சாவி அவர் பேன்ட் பாக்கெட்டுக்குப் போய்விடும். போட்டுவிட்டு வெளியிலிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார். அது நினைத்துச் செய்வதில்லை, மூச்சு விடுகிற மாதிரி.

இதனால் தபால்காரம்மா அந்தப் பழக்கத்தைக் கேலி செய்ததோடு சரி. சண்டை போட்டதில்லை.

ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷ வழி. அவள் முயலில், அவர் பக்கத்தில் நடை. திருகு ஆமைப் பக்கத்திலேயே இருந்தது, முயல் பக்கம் வைத்தால் அவர் நடை ஈடுகொடுக்காது.

“கொஞ்சம் வேகமா நடங்களேன். ஊர்வலமா போறோம்?”

“அவசரப்பட்டுக் குழியில இறக்கிடாதே. இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு.”

“தடவைக்குத் தடவை நிறுத்திச் சாவியை எடுத்தீங்கன்னா ஒரு நாளும் பத்தாது.”

“சரி சரி, நீ முன்னாடி பார்த்து ஓட்டு.”

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மணி பத்து இருபத்தைந்து. தங்கையின் ரயில் இரண்டாம் பிளாட்பாரத்துக்கு வரும். முதல் பிளாட்பாரத்திலிருந்து அங்கே போக மேம்பாலம், மேம்பாலத்துக்கு லிஃப்ட். லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ‘பழுது. மெக்கானிக் மாலை வருவார்.’

அதைப் படித்ததும் தபால்காரம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அட்டையைப் பார்த்து இல்லை. அவர் முகத்தைப் பார்த்து. பொம்மைக் கடை வாசலில் நிற்கிற பிள்ளை முகம் அது.

“ஏங்க, லிஃப்ட் வேணாம். அந்தக் கோடியில பார்சல் வண்டி போற பாதை இருக்கு. தண்டவாளத்துக்குக் குறுக்கால பலகை போட்டிருக்கும். எத்தனை வருஷம் தபால் மூட்டையை அதுல தள்ளியிருக்கேன்! கேட்ல சொன்னா ஆள் கூடவே வந்து விடுவாங்க. எனக்குத் தெரியாத இடமா?”

“தண்டவாளத்து மேல உன்னை ஓட்ட விடறதா? சக்கரம் இடுக்குல மாட்டிச்சுன்னா? நல்லா சொன்னே போ. இது சும்மா கதவு பிரச்சினைதான். சத்தத்தைக் கேட்டாலே தெரியுது. ரெண்டு நிமிஷ வேலை.”

“உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா?”

“அம்பது நிமிஷம் இருக்கு இவளே! எதுக்குப் பறக்கறே? நிழல்ல உட்காரு.”

பார்சல் பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால், தூண் ஓரமாக, யாரும் வந்து இடிக்காத இடமாகப் பார்த்து அவளை நிறுத்தினார். பிறகு சட்டைப் பாக்கெட்டிலிருந்த போன், கண்ணாடிக் கூடு, பேனா, சீப்பு எல்லாவற்றையும் எடுத்து முயலின் கூடைக்குள் போட்டார். குனிந்து வேலை செய்யும்போது குழிக்குள் எதுவும் விழக் கூடாது, அது இரண்டாவது சட்டம். ஸ்டேஷன் ஆபீசில் போய் ஏதோ பேசினார். ஒரு அதிகாரி அவரோடு வெளியே வந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளிவாசல் பக்கம் போய் மறைந்தார்கள்.

பத்தே முக்கால் ஆனது. பத்து ஐம்பது ஆனது. மனிதரைக் காணோம்.

தபால்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் துண்டு.

“ஏம்மா, அந்தப் பார்சல் பாதை இன்னும் இருக்கா?”

“இருக்கேக்கா. அந்தப் பக்கம் போகணுமா? கேட்ல நிக்கறவர் நமக்கு வேண்டியவர்தான். நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க. வண்டி உள்ள வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே பூட்டிடுவாங்க. சட்டுனு கிளம்புங்க.”

சந்தோஷத்தில் தபால்காரம்மாவுக்கு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் லிஃப்டோடு குடித்தனம் நடத்தட்டும். திருகை முயல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். வலது கையால் சாவியைத் தேடினாள்.

சாவி இருக்கிற இடத்தில் ஓட்டை இருந்தது.

கூடையில் தேடினாள். மடியில் தேடினாள். தேடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேன்ட் பாக்கெட்டை அவர் இரண்டு தட்டுத் தட்டினாரே, அந்தச் சத்தம் இப்போதுதான் காதில் விழுகிற மாதிரி இருந்தது.

“என்னக்கா?”

“சாவியைக் கொண்டு போயிட்டாரு.”

உடனே அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எங்கே? அவள் கால்மாட்டில், கூடைக்குள். கண்ணாடிக் கூட்டையும் சீப்பையும் உலுக்கிக்கொண்டு அது பாட்டுக்கு அடித்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தன் போனைக் காதில் வைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருக்குகிற அம்மா ஓடிப்போய் மேம்பாலத்தில் பார்த்தாள், லிஃப்ட் வாசலில் பார்த்தாள், ஆபீசில் எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை. (அவர் எங்கே என்று எனக்குத் தெரியும். லிஃப்டின் மின்சாரப் பெட்டி ஸ்டேஷனுக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தது. அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். இவர்களுக்கு அது எப்படித் தெரியும்?)

“தள்ளிப் பார்க்கலாமாக்கா?”

தள்ளினாள். முயல் அசையவில்லை. சாவி எடுத்தால் தானாகப் பிரேக் பிடித்துக்கொள்கிற வண்டி அது. இன்னும் பலமாகத் தள்ளினாள். சக்கரம் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

“பின்னாடி ஒரு லீவர் இருக்கும் பாரு. சிவப்பு டேப் சுத்தி.”

பெருக்குகிற அம்மா குனிந்து நகத்தால் பிய்த்தாள். முனை கிடைக்கவில்லை. பல்லால் கடிக்கக்கூடப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் கம்பி சுற்றின கை சுற்றின டேப், வந்துவிடுமா? இரண்டு நகம் உடைந்ததுதான் மிச்சம்.

“பார்சல் வண்டி ஏதாவது?”

“எல்லாம் அந்தப் பக்கம் நிக்குதேக்கா.”

பதினொன்று ஆக மூன்று நிமிஷம். தபால்காரம்மா மகளைக் கூப்பிட்டாள்.

“அம்மா, சித்திகிட்ட சொல்லிடட்டுமா? ஒரே ஒரு போன். அம்மாவால நடக்க முடியாது, நீங்க இறங்கி வாங்கன்னு...”

“வேணாம்.”

“அம்மா, இப்போ இருக்கற நிலைமையில...”

“வேணாங்கறேன் இல்ல? நான் நடந்து போறேன். வை போனை.”

பெருக்குகிற அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நின்றாள். நடந்தாள். இந்தப் பிளாட்பாரத்தில் ஒரு காலத்தில் தோளில் பையோடு, ரயில் நகர ஆரம்பித்த பிறகும் ஓடியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு அடியையும் எண்ணினாள். பதினெட்டில் தொடை நடுங்கியது. இருபத்தைந்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். முப்பத்தொன்றில் இடது கால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மடங்கியது. பெருக்குகிற அம்மா தாங்கிப் பிடிக்காவிட்டால் தரையில் விழுந்திருப்பாள்.

பாதை இன்னும் முந்நூறு அடிக்கு அப்பால் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே மணி அடித்தது. ஒரு ஆள் கேட்டை இழுத்துப் பூட்டுவது தெரிந்தது.

வந்த முப்பத்தொரு அடியையும் திரும்ப வேண்டியிருந்தது. பாதி தூக்கல், பாதி இழுவை. முயலில் உட்கார்ந்தபோது இரண்டு காலும் அவளுடையதாகவே இல்லை.

ரயில் வந்தது.

இரண்டாம் பிளாட்பாரத்தை ஒட்டி நின்றது. இந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள்தான். நடுவே ஒரு தண்டவாளம் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டினால் தங்கை. முப்பது, முப்பத்தைந்து அடி இருக்கும்.

“அக்கா, பெட்டி நம்பர் சொல்லுங்க. நான் பாலத்துல ஓடிப்போய் அவங்ககிட்ட சொல்றேன்.”

அந்த அம்மா கேட்டாளே, அந்த நேரத்தில் தபால்காரம்மா வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வாசகர்களே, நானும் இதை எழுதும்போது சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். பிடிவாதம் யாரை விட்டது?

“பி மூணு. எப்பவும் வெளிர் நீலச் சட்டைதான் போடுவா, குள்ளமா இருப்பா. உங்கக்கா ஒண்ணாம் பிளாட்பாரத்துல இருக்காங்க, ஜன்னல் பக்கம் வந்து பாருங்கன்னு சொல்லு. என் காலைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியமா.”

“சரிக்கா.”

ஓடினாள். படியேறி, பாலத்தில் ஓடி, அந்தப் பக்கம் இறங்கினாள். தபால்காரம்மா ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எதிரே இருப்பதுதான் பி மூன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. யாரோ சட்டையைச் சரிசெய்வது தெரிந்தது, யாரோ மூட்டையை ஏற்றுவது தெரிந்தது.

பிறகு ஒரு ஜன்னலில் தங்கை வந்து நின்றாள்.

தலை முழுக்க நரைத்திருந்தது. தபால்காரம்மா தன் நரையை மறைக்கப் பட்ட பாடெல்லாம் சட்டென்று நினைவு வந்தது. சின்னவளுக்கு எப்போது இவ்வளவு வயசாச்சு? தங்கை கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினாள். தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது எழுந்திருக்க வேண்டும். இதற்காகத்தானே இத்தனை நாள் நாற்காலியோடு மல்லுக்கட்டினாள்? கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். தம் கட்டினாள். உடம்பு இரண்டு விரல் உயரம் எழும்பி, தொப்பென்று விழுந்தது. மறுபடி முயன்றாள். அதுவும் இல்லை. முப்பத்தொன்றும் முப்பத்தொன்றும் அறுபத்திரண்டு அடி, இன்றைக்கு உள்ளதையெல்லாம் அந்தக் கால்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன.

கையைத் தூக்கினாள். ஆட்டினாள். “நான் வந்துட்டேன்டி! வந்துட்டேன்!” என்று கத்தினாள். கண்ணாடி மூடியிருந்தது. ஒலிபெருக்கி வேறு எந்த ரயிலுக்கோ அறிவிப்புப் படித்துக்கொண்டிருந்தது.

தங்கைக்கு என்ன தெரிந்திருக்கும்? முன்னால் பார்சல் பெட்டிகள். அதற்கு மேலே அக்காவின் தோளும் தலையும். நிழலில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டுகிறாள். இது அப்போது தபால்காரம்மாவுக்குத் தோன்றவில்லை. தங்கையின் முகம் மாறியபோதுதான் தோன்றியது.

தங்கை கையை ஆட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

“சொல்லிடு! உடனே சித்திக்குப் போன் பண்ணிச் சொல்லிடு!” என்று மகளிடம் போனில் அலறினாள் தபால்காரம்மா. மகள் நாலு தரம் கூப்பிட்டாள். சித்தி எடுக்கவில்லை.

பெருக்குகிற அம்மா மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ரயில் நகர ஆரம்பித்திருந்தது.

“சொன்னேன்க்கா. பார்த்தாங்க இல்ல? அப்புறம் என்கிட்ட, ‘ஏன், அவளால படியேறி வர முடியாதாமா?’ன்னு கேட்டாங்க. நீங்கதான் சத்தியம் வாங்கினீங்களே. நான் வாயைத் திறக்கல.”

தபால்காரம்மா அந்த அம்மாவின் உடைந்த நகத்தையே பார்த்தாள். கடைசிப் பெட்டி போய், எதிர்ப் பிளாட்பாரம் பளிச்சென்று காலியாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, டிங் என்று ஒரு சத்தம்.

லிஃப்ட் கதவு இரண்டு பக்கமும் அழகாக விலகியது. உள்ளே புருஷர். நெற்றியில் கிரீஸ், சட்டையில் கிரீஸ், முகம் கொள்ளாத சிரிப்பு. இரண்டு விரலுக்கு நடுவே எதையோ தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்.

“கல்லு! ஒரே ஒரு பொடிக் கல்லு! கதவு ஓடற பள்ளத்துல மாட்டிக்கிட்டு இருந்துது. அதுக்குப் போய் நாலு நாளா போர்டு மாட்டி வெச்சிருக்காங்க! அங்க பேனலைத் திறந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கு, அப்பவே நெனச்சேன்... வா வா, கிளம்பு, மணி என்ன ஆச்சு?”

பெருக்குகிற அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு அவர் கை, யாரும் சொல்லாமலே, பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது.

முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“நான்... சாவி... நான் நெனச்சே பண்ணலடி. கை தானா...”

அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. வேண்டுமென்று செய்தவரை நாலு வார்த்தை கேட்கலாம். இந்த மனிதரை என்ன கேட்பது? செத்துப்போன கூட்டாளிக்காக நாற்பது வருஷமாகச் சாவியைப் பாக்கெட்டில் போடுகிறவரிடம் போய் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? கோபம் போக இடமில்லாமல் நின்றது.

“ஏதாவது சொல்லு. திட்டவாவது திட்டு.”

அவள் பேசவில்லை. டப்பா திறந்த அன்று தங்கை இருந்தது போலவே இருந்தாள். அவர் தவித்தார், அன்றைக்கு அவள் தவித்தது போலவே. அது அவளுக்கும் தெரிந்தது.

போன் அடித்தது. மகள். அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா, சித்தி மெசேஜ் அனுப்பியிருக்காங்க.”

“படி.”

“வேணாம்மா.”

“படிடி.”

மகள் படித்தாள். “உங்கம்மாவைப் பார்த்துட்டேன். படியேற மனசு வரல, ஆளை விட்டு என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டா. உட்கார்ந்த இடத்துல இருந்து எந்திரிக்கக்கூட இல்ல. முப்பது வருஷமானாலும் அவ அவதான். நல்லா இருக்கட்டும். இனிமே எனக்கு யாரும் போன் பண்ணாதீங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நான் உடனே பதில் போட்டேன்மா. போகல. என் நம்பரையும் தடுத்து வெச்சுட்டாங்க.”

“கப்பல் எப்போ?”

“நாளைக்கு மத்தியானம்னு சொன்னாங்க. எதுக்கும்மா?”

தபால்காரம்மா போனை வைத்தாள். புருஷரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“சாவி.”

கொடுத்தார். அவள் அதைச் செருகித் திருப்பினாள். முயல் ஒரு தரம் கீச்சென்று உயிர் பெற்றது. திருகு முயல் பக்கம் இருந்ததை அவர் பார்த்தார். அவள் பார்சல் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, பிளாட்பாரத்தில் ஆட்கள் விலக விலக, நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். பின்னால் அவர் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

“துறைமுகத்துக்கு அடுத்த வண்டி எப்போ?”

“மூணு இருபதுக்கும்மா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் போய்ச் சேரும்.”

“ஒரு டிக்கெட்.”

கவுண்டர்க்காரர் நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எக்கி, அவள் உட்கார்ந்திருக்கும் வண்டியைப் பார்த்தார்.

“இதையும் கொண்டு போறீங்களா? மடிக்கலாமா?”

“மடிக்கலாம்.”

“எவ்வளவு எடை வரும்?”

“பத்தொன்பது கிலோ.”

“அது சரிம்மா. பெட்டிக்குள்ள ஏற மூணு படி இருக்கு. யார் தூக்கி வெப்பாங்க? உங்களை யார் ஏத்தி விடுவாங்க? அங்க போய் யார் இறக்குவாங்க?”

கேட்டதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தபால்காரம்மா சாவியைப் பார்த்தாள். வண்டி தன்னுடையது, சாவியும் இப்போது தன் கையில்தான். அந்த மூன்று படிக்கு மட்டும் அவளிடம் ஒரு வழியும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள், அழுதால் சரி, நீங்களும் வாங்க என்று சொல்லிவிடுவாள்.

வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கவுண்டர்க்காரர் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.

“சொல்லுங்கம்மா. ஒண்ணா, ரெண்டா?”